ரதி தடுத்த இடம்: கூடலூர் மலைத் தோட்டங்களில் காமன் கூத்து

மாசி அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், மேற்கில் பிறை தெரிகிற பொழுதில் காமன் கம்பம் ஊன்றப்படும். ஆமணக்குக் கொம்போ கரும்போ நட்டு, வைக்கோல் புரி சுற்றி, வறட்டி கட்டி, மஞ்சள் குங்குமம் வைத்து, வேடம் கட்டப் போகிறவர்களுக்குக் காப்புக் கட்டிய பிறகுதான் கூத்துக்கான வேலை தொடங்கும். நீலகிரியின் மேற்குச் சரிவில் கூடலூர், பந்தலூர் வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் வாழும் தொழிலாளர் குடியிருப்புகளான பாடிகளில் இந்த வழக்கம் இருந்துவருகிறது. கம்பம் ஊன்றிய நாளிலேயே ஊருக்குக் கதையின் முடிவு தெரியும். பௌர்ணமி இரவில் எரியப்போகும் சிதை அதுதான். அந்தச் சிதையைப் பார்த்துக்கொண்டேதான் ரதிக்கும் மன்மதனுக்கும் கல்யாணம் செய்துவைக்கிறார்கள். முடிவைக் கண்ணெதிரே நிறுத்திவிட்டுத் தொடங்கும் நாடகத்தில் காட்சிகளுக்கு என்ன வேலை இருக்க முடியும்? அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலுக்கு இங்கே இடமில்லை. காமன் கூத்தின் முடிவைத் தீர்மானிப்பது மன்மதன் எரியும் காட்சி என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு முன்னால், சிவனின் தவத்தைக் கலைக்கச் சொல்லும் இந்திரனின் ஓலை வந்து சேர்ந்ததும் ரதியும் மன்மதனும் செய்யும் தர்க்கத்தில்தான் முடிவு உருவாகிறது. எரிவது அதன் நிறைவேற்றம் மட்டுமே. இந்தத் தர்க்கம்தான் ஒரு சிவபுராணக் கதையைக் காதலின் துயர நாடகமாக மாற்றுகிறது என்பதும், தோட்டத்து மக்கள் இதை இரண்டு முறை கடல் கடத்திக் காப்பாற்றியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதும் என் வாதம்.

இந்தக் கூத்து கூடலூர் மண்ணில் பிறந்தது அல்ல. அங்கே முன்பிருந்தே வாழும் பணியர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், வயநாட்டுச் செட்டிகள் ஆகியோரின் பழைய வழிபாடுகளில் காமனுக்கு இடமில்லை. 1820களுக்குப் பிறகு கண்டிச் சீமையில் காப்பித் தோட்டங்கள் எழுந்தபோது திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக்கொண்டு போனார்கள். போனவர்களோடு மாரியம்மனும் முனியாண்டியும் தப்பும் கூத்தும் போயின. 1869இல் தலைகாட்டிய இலை நோயில் காப்பி அழிந்து தேயிலை வந்தது. லயங்கள் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்த மக்களிடையே மூன்று கூத்துகள் வேர்விட்டு நின்றன: அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர், காமன் கூத்து. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்துக் கொடுத்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. தலைமன்னாரில் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து மலையேறியவர்களில் ஒரு பகுதியினர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, வால்பாறைப் பக்கம் வந்தார்கள். அவர்களுக்கு வேலை தரவென்று 1968இல் வனத்துறையின் கீழ் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டமே 1976 முதல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, மக்கள் வாயில் டான்டீயாக, இயங்கிவருகிறது. ஆக, சமவெளியிலிருந்து கண்டிக்கும் கண்டியிலிருந்து கூடலூருக்குமாக ஒன்றரை நூற்றாண்டுப் பயணம் செய்துவிட்டு வந்த கூத்து இது.

வந்து சேர்ந்த இடம் அதற்கு முற்றிலும் அந்நியமாகவும் இல்லை. மாசி மாதம் இலங்கை மலைநாட்டின் பெரும்பகுதியைப் போலவே கூடலூரிலும் மழையற்ற காலம். தென்மேற்குப் பருவ மழைக்குப் பெருகும் கொழுந்து அப்போது குறைந்திருக்கும்; இரவு விழிப்புக்கு உடம்பில் கொஞ்சம் தெம்பும் இருக்கும். தோட்டத்து நாட்காட்டியும் பிறைக் கணக்கும் ஒத்துப்போன இந்த வசதியைச் சிறிதாக எண்ணக் கூடாது. பல சடங்குகள் நம்பிக்கை குறைந்ததால் நின்றவை அல்ல. விடுப்பு கிடைக்காமல் நின்றவை.

காமனுக்குத் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. அதில் இரண்டு ஓடைகள் தனித்தனியே ஓடிவருவதைக் கவனிக்க வேண்டும். முதல் ஓடையில் அவன் சேர்த்துவைக்கும் தெய்வம். சிலப்பதிகாரத்தில் தேவந்தி கண்ணகியிடம், பூம்புகாரில் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் பிரிந்த கணவன் திரும்புவான் என்று சொல்கிறாள். கண்ணகி அதைத் தன் பெருமைக்குத் தகாதென மறுக்கிறாள். பரிபாடல், திருப்பரங்குன்றத்தில் ரதியும் காமனும் ஓவியமாக இருந்ததைச் சொல்கிறது. ஆண்டாள் நாச்சியார் திருமொழியின் முதல் பதிகத்தில் தையும் மாசியும் காமனுக்கு நோன்பிருந்து கண்ணனை வேண்டுகிறாள். மாசியும் காமனும் சேர்ந்தது நேற்று இன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் இவர்கள் யாருக்கும் காமனின் சாவைப் பற்றி அழ வேண்டிய தேவை இல்லை. தங்கள் காரியம் ஆக அவனிடம் போகிறார்கள். இரண்டாம் ஓடை சைவத்தினுடையது. சிவனின் எட்டு வீரட்டத் தலங்களில் ஒன்றான திருக்குறுக்கை, மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காமனை எரித்த இடம் அது. அங்கே கொண்டாடப்படுவது எரித்தவனின் வெற்றி. எரிந்தவன் அந்த வெற்றிக்கான பொருள். காமன் கூத்து இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டுகிறது. சேர்த்துவைக்கும் தெய்வத்தையே எரியவிட்டு, எரிந்த பக்கத்தில் நின்றுகொண்டு அழுகிறது. சிவனை யாரும் வெளிப்படையாகப் பழிக்காமலே அனுதாபம் மொத்தமும் ரதி பக்கம் சாய்ந்துவிடுகிறது. இது எப்படி நடந்தது என்பதைக் காட்சிகளின் அமைப்பில்தான் தேட வேண்டும்.

அதற்கு இதே கதையின் இரண்டு பெரிய இலக்கிய வடிவங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காளிதாசனின் குமாரசம்பவத்தில் இந்திரன் அழைத்ததும் காமன் தானே முன்வந்து, வசந்தன் துணையிருந்தால் சிவனின் உறுதியைக்கூட அசைத்துவிடுவேன் என்று பெருமை பேசுகிறான். தவச்சோலைக்கு அவன் போகும்போது ரதியும் கூடவே போகிறாள். தடுப்பதோ விடைபெறுவதோ அங்கே இல்லை. கணவன் சாம்பலாவதைக் கண்டு மயங்கி விழுந்து, அடுத்த சருக்கத்தில்தான் அவள் வாய் திறக்கிறாள். அது புலம்பல், இழந்த இன்பங்களை ஒவ்வொன்றாக நினைத்துச் சொல்லும் அழகான புலம்பல். தீயில் இறங்கத் துணிந்தவளை வானிலிருந்து ஒரு குரல் தடுத்து, சிவன் மணம் செய்யும் நாளில் காமன் மீள்வான் என்கிறது. கதை பார்வதியின் தவத்துக்கு நகர்ந்துவிடுகிறது. காஞ்சிபுரம் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் நிலைமை வேறு. அங்கே காமனுக்குப் போக மனமில்லை. பிரமன் ஏவுகிறான், மறுத்தால் சபிப்பேன் என்று மிரட்டுகிறான். சாபத்துக்கு ஆளாவதைவிடச் சிவன் கையால் சாவதே மேல் என்று காமன் ஒப்புக்கொள்கிறான். கட்டாயம் என்ற கூறு கதைக்குள் தெளிவாக நுழைந்துவிட்டது. ஆனால் அந்தக் கட்டாயம் மேலிருப்பவனுக்கும் கீழிருப்பவனுக்கும் இடையில் மட்டுமே பேசி முடிக்கப்படுகிறது.

கூத்து செய்த காரியம், அந்தப் பேச்சை வீட்டுக்குள் கொண்டுவந்ததுதான். ஓலையோடு தூதன் வருவது புதுமணத் தம்பதியின் வாசலுக்கு. ஓலையைப் படித்ததும் ரதி நடுவே நிற்கிறாள். கெட்ட கனவு கண்டதாகச் சொல்கிறாள். தவத்தில் இருக்கும் சிவனிடம் போனவன் திரும்பமாட்டான் என்கிறாள். தேவர்களின் சங்கடத்துக்கு நம் வாழ்வை ஏன் பணயம் வைக்க வேண்டும் என்று கேட்கிறாள். மன்மதன் ஆணையைச் சொல்கிறான், கடமையைச் சொல்கிறான், தன் வில்லின் வலிமையைச் சொல்கிறான். பாட்டுக்குப் பாட்டாக, தப்பின் அடிக்கு அடியாக நீளும் தர்க்கம் இது. காளிதாசனின் பெருமிதக்காரக் காமனும் கச்சியப்பரின் கட்டாயப்பட்ட காமனும் இங்கே ஒரே ஆளாகிவிடுகிறார்கள். போகாமல் இருக்க முடியாது என்பதை, போக விரும்புகிறேன் என்ற குரலில் சொல்கிறான். மனைவி முன்னால் அச்சத்தைக் காட்ட விரும்பாத எந்த ஆணும் பேசுகிற பேச்சு இது. ரதியின் வாதம் ஒவ்வொன்றும் சரி என்பது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், எதிரே நிற்கும் கம்பத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊருக்கும் தெரியும். எல்லாருக்கும் சரியென்று தெரிந்த வாதம் தோற்பதுதான் இந்த நாடகத்தின் துயரம். எரிவதற்கு முன்பே அது முடிந்துவிடுகிறது.

ரோமியோ ஜூலியட்டை இங்கே நினைத்துக்கொள்வது பயன்படும். ஷேக்ஸ்பியரின் அந்த நாடகத்தில் முடிவைத் திருப்புவதும் ஒரு கடிதம்தான். ஜூலியட் உண்மையில் சாகவில்லை என்று எழுதிய கடிதத்தைக் கொண்டுபோன துறவி, தொற்றுநோய் இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட வீட்டுக்குள் அடைக்கப்பட்டதால் அது ரோமியோவுக்குப் போய்ச்சேரவில்லை. ஒரு நாள் முன்னால் சேர்ந்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள். பார்ப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு தவறியதுதான் பெரும் வலி. காமன் கூத்தில் ஓலை தவறவில்லை. சரியான ஆளிடம், சரியான நேரத்தில், எழுதியபடியே வந்து சேர்கிறது. தற்செயலுக்கு இங்கே இடமே கிடையாது. யார் மீதும் பழி போட்டுத் தப்ப முடியாது. வெரோனாவின் காதலர்களைக் கொன்றது தகவல் கிடைக்காமை. மன்மதனுக்குத் தகவல் முழுதாகவே இருந்தது. தெரிந்தே நடக்கும் கேட்டைக் காட்டுவதில் தோட்டத்துக் கூத்து ஷேக்ஸ்பியரின் இளமைக்கால நாடகத்தைவிடக் கடுமையானது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

தர்க்கத்துக்கு இந்த வலு வருவதற்கு அதற்கு முந்தைய கல்யாணக் காட்சி தேவைப்படுகிறது. வெறும் அலங்காரம் என்று அதைக் கடந்துபோகிறவர்கள் உண்டு. ரதியாகவும் மன்மதனாகவும் வேடம் கட்டுகிற இருவருமே ஆண்கள். விரதம் இருந்து காப்புக் கட்டிக்கொண்ட அவர்களை ஊர் உண்மையான மணமக்களாகவே நடத்துகிறது. வீடு வீடாக ஆடி வரும்போது ஆரத்தி எடுக்கிறார்கள். பிள்ளை வரம் வேண்டியும் தாலி நிலைக்க வேண்டியும் பெண்கள் அவர்கள் காலில் விழுகிறார்கள். அடுத்த சில இரவுகளில் ரதி தாலியை இழக்கப்போகிறாள் என்று தெரிந்தே அவளிடம் தாலி பாக்கியம் கேட்கிறார்கள். இந்த முரணை ஊர் கவனிக்கவில்லை என்று எண்ணுவது பார்ப்பவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். கல்யாணம் செய்துவைத்த ஊர் இரு வீட்டுக்கும் உறவாகிவிடுகிறது. தமிழ் மரபின் உறவுமுறையை எண்ணிப் பார்த்தால் இன்னொரு முடிச்சும் தெரியும். மன்மதன் திருமாலின் மகன். உமை திருமாலின் தங்கை. ஆகவே சிவன் மன்மதனுக்கு அத்தை புருஷன், மாமன் முறை. அம்பு விடுவதும் எரிப்பதும் குடும்பத்துக்குள்ளேயே நடக்கின்றன. கயிலாயத்தில் நடந்த தேவ காரியம் பங்காளி, சம்பந்தி வீட்டுச் சண்டையின் அளவுக்கு இறங்கிவருகிறது. அதனால்தான் தக்கன் யாகக் காட்சி கூத்தின் முற்பகுதியில் நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன். அழைப்பு இல்லாத வீட்டு விசேஷத்துக்கு மகள் போவது, மாமனார் மருமகனை அவமதிப்பது, வீரபத்திரன் வந்து எல்லாவற்றையும் அடித்து நொறுக்குவது என எல்லாமே உறவு முறிந்த கதை. சிவன் தவத்தில் உட்காருவதே அந்த முறிவின் விளைவு. இரண்டாவது முறிவுக்கு அது முன்னுரை.

பௌர்ணமி இரவின் நெருப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. சிவன் கண் திறக்கிறான், சில இடங்களில் கயிற்றில் ஓடும் வாணம் கம்பத்தைப் பற்றவைக்கிறது, இரண்டு வாரம் காய்ந்த வைக்கோல் நொடியில் எரிந்து முடிகிறது. கண்ணுக்கு அது உச்சம். நாடகமாகப் பார்த்தால் மிகக் குறுகிய காட்சி அது. அதில் யாரும் எதையும் தீர்மானிப்பதில்லை.

அதற்குப் பின் வரும் ஒப்பாரிதான் தர்க்கத்தின் கணக்கைத் தீர்க்கிறது. காளிதாசனின் ரதி முன்பு எதையும் தடுக்காதவள். ஆகவே அவள் புலம்பலில் நினைவும் ஏக்கமும் மட்டுமே உண்டு. கூத்தின் ரதி தடுத்தவள், கேட்கப்படாதவள். அவள் அழுகையில் நான் சொன்னேனே என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துவருகிறது. தோட்டத்து ஒப்பாரி மரபே இப்படித்தான்: செத்தவனைப் பாராட்டும், கூடவே அவனோடு சண்டையும் போடும். கணவன்மேல் உள்ள கோபம், ஓலை அனுப்பிய இந்திரன்மேல் உள்ள கோபம், கண் திறந்தவன்மேல் உள்ள கோபம் மூன்றும் அழுகைக்குள் பாதுகாப்பாகப் பேசப்படுகின்றன. தர்க்கக் காட்சியை எடுத்துவிட்டு இதே ஒப்பாரியைப் பாடினால் அது எந்தக் கைம்பெண்ணும் பாடும் பாட்டாகிவிடும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மன்மதன்தான் உயிர்த்தெழுகிறானே, பிறகு இதில் துயர முடிவு எங்கே? எரித்த சாம்பலைச் சுற்றி அழுது, ரதி சிவனிடம் முறையிட்டு வாதாடி, கடைசியில் வரம் பெறுகிறாள். மன்மதன் மீண்டும் எழுகிறான். சடங்கு மங்களத்தில் முடிகிறது. இதை மறைக்க முடியாது. ஆனால் வரத்தின் நிபந்தனையைப் பார்க்க வேண்டும். கந்தபுராண மரபிலும் கூத்திலும் மன்மதன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தெரிவான். உலகத்துக்கு அவன் உருவற்றவன். திருப்பித் தரப்பட்டது பாதி. கணவனோடு வீதியில் நடக்கவோ, நாலு பேர் முன்னால் இருவராக நிற்கவோ அவளால் முடியாது. உயிரோடு இருக்கும் கணவனுக்கு ஊரார் கண்ணில் கைம்பெண்ணாக வாழ்வது எப்படிப்பட்ட மங்களம்? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிய காவியத்தில் காமனின் சாவு இடையில் வரும் நிகழ்ச்சி. பார்வதி கல்யாணம், குமரன் பிறப்பு, சூரன் வதம் என்று கதை போகப்போக அந்தச் சாவுக்கு நியாயம் கிடைத்துவிடுகிறது. கூத்து அந்தத் தொடர்ச்சியை எடுத்துக்கொள்ளவில்லை. எதற்காக மன்மதன் அனுப்பப்பட்டானோ அந்தக் காரியம் வெற்றியடைந்ததா என்று அது நின்று பார்ப்பதே இல்லை. எங்கே நிறுத்துவது என்பதும் ஒரு தீர்ப்புதான். அந்தத் தீர்ப்பு தேவர்களின் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு ரதியின் கணக்கை எடுத்துக்கொள்கிறது. அரங்கில் இன்னொரு விநோதமும் நடக்கிறது. ரதிக்கு மட்டுமே தெரிய வேண்டிய மன்மதனை அன்றிரவு ஊர் முழுவதும் பார்க்கிறது. வரத்தின்படி அது நடக்கக் கூடாத காரியம். பார்ப்பவர்கள் எல்லாரும் ரதியின் இடத்தில் நின்றால்தான் அந்தக் காட்சிக்கே பொருள் உண்டு.

இரண்டாவது மறுப்பு தஞ்சைப் பக்கத்திலிருந்து வருவது, அது வலுவானதும்கூட. மராட்டியர் 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட காலத்தில் வந்து வேரூன்றிய லாவணி, காமன் பண்டிகையோடு ஒட்டிக்கொண்டது. எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு அணிகள் எதிரெதிரே உட்கார்ந்து, டேப்பும் துந்துனாவும் முழங்க விடிய விடியக் கேள்வியும் பதிலுமாகப் பாடும். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி புராண ஆதாரம் காட்டும். எரியவே இல்லை என்று மறுகட்சி வாதாடும். முடிவே இப்படி விவாதத்துக்கு உரியது என்றால், அதை முந்தைய காட்சிகள் தீர்மானிக்கின்றன என்ற பேச்சு நிற்குமா? நிற்கும் என்றே நினைக்கிறேன். லாவணி, கதை முடிந்த பிறகு அதன் பொருளைப் பற்றி நடக்கும் வழக்கு. கூத்துக்குள் நடக்கும் வாக்குவாதத்தை அது வெளியே எடுத்துவந்து நடத்துகிறது. ரதியும் மன்மதனும் போவதா வேண்டாமா என்று வாதிட்டார்கள். இரண்டு கட்சிகளும் போனதால் நேர்ந்தது இழப்பா இல்லையா என்று வாதிடுகின்றன. எரியாத கட்சி என்று ஒன்று இருப்பதே, எரிந்தது நியாயம் என்று மக்கள் அமைதியாக ஒப்புக்கொள்ளவில்லை என்பதைத்தான் காட்டுகிறது. திருக்குறுக்கைக் கோயிலின் நோக்கில் பார்த்தால் அப்படியொரு கட்சிக்குத் தேவையே இருந்திருக்காது.

மூன்றாவது மறுப்பை நாட்டார் வழக்காற்றியல் படித்தவர்கள் சொல்வார்கள். இது நாடகமே அல்ல, வளமைச் சடங்கு. குளிர் போய் வெயில் வரும் பருவ மாற்றத்தில் பழையதை எரிக்கும் வழக்கம், வடக்கே ஹோலியிலும் கர்நாடகத்தில் காமன் எரிப்பிலும் காண்பது. காட்சிகளை வைத்துத் துயர நாடகம் என்று பேசுவது மேற்கத்திய அளவுகோல். சடங்கு என்பதை நான் மறுக்கவில்லை. நேர்த்திக்கடன், காப்பு, விரதம், தொடங்கினால் இடையில் விடக் கூடாதென்ற அச்சம் எல்லாமே அதில் இருக்கின்றன. ஆனால் சடங்குக்குக் கம்பமும் நெருப்பும் போதும். கர்நாடகத்து ஊர்களில் கட்டையும் வறட்டியும் குவித்து எரித்துவிட்டு மறுநாள் வண்ணம் பூசிக்கொள்கிறார்கள், சடங்கு நிறைவேறிவிடுகிறது. தமிழ்க் கிராமத்தார் அதற்கு மேல் ஒரு தூதனையும், ஓலையையும், இரவு நீளும் வாக்குவாதத்தையும் ஏன் சேர்த்தார்கள் என்பதற்கு வளமைச் சடங்கு என்ற விளக்கத்தில் பதில் இல்லை. தேவைக்கு மேல் ஓர் ஊர் எதைச் சேர்க்கிறதோ அதில்தான் அதன் மனம் தெரியும்.

தோட்டத்து வரலாற்றோடு இதை இணைத்துப் பார்க்கும் ஆசை இயல்பாக எழும். மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலை அழுகைக் கோச்சி என்று அழைத்தார்கள். ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு இந்தியக் குடியுரிமை, இன்னொருவருக்கு இலங்கைக் குடியுரிமை என்று பிரிந்த வீடுகள் ஏராளம். இரண்டு தலைநகரங்களில் யாரோ கையெழுத்திட்டு, இங்கே லயத்து வாசலுக்கு ஒரு காகிதம் வந்தது. வந்தவுடன் வீட்டுக்குள் போவதா இருப்பதா என்ற தர்க்கம் நடந்தது. ஓலை வரும் காட்சியை இந்த மக்கள் வெறும் புராணமாகப் பார்த்திருக்க முடியுமா? கேள்வி நியாயமானது; ஆனால் அளவோடு பயன்படுத்த வேண்டியது. கூத்து ஒப்பந்தத்தைவிடப் பழையது. 1964க்காக யாரும் அதை எழுதவில்லை. தொழிலாளிகள் மன்மதன்கள் என்று உருவகம் செய்துவிட்டால் கட்டுரைக்கு அழகு சேரும், உண்மை குறையும். நான் சொல்ல முனைவது இதைவிடச் சிறியது. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்த்த காலத்திலிருந்தே, மேலிருந்து வரும் சொல்லுக்கு வீட்டுக்குள் நடக்கும் மறுப்பும் அந்த மறுப்பு தோற்பதும் இந்த மக்களுக்குப் பழகிய அனுபவம். விடியலில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்துக்கு, ஆள் கூப்பிட்ட அதே தப்புதான் இரவில் ரதியின் வாதத்துக்கும் அடிக்கப்பட்டது. அத்தகைய வாழ்க்கையில் ஒரு காட்சி மங்காமல் நிற்பதற்கு உருவகம் தேவையில்லை. பேச்சு புரிந்தால் போதும்.

கூடலூரில் இந்தக் கூத்தின் இன்றைய நிலைக்கு நிலமும் ஒரு காரணம். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் பரம்பரை உடைமையான ஜன்ம நிலங்களை ஒழிக்க 1969இல் இயற்றிய சட்டம் இன்னும் பல இடங்களில் தீராத வழக்காக நிற்கிறது. தாயகம் திரும்பியவர்களில் பலருக்கு வீடு என்பது வேலையோடு கட்டிய வீடுதான். ஓய்வு பெற்றால் பாடியைக் காலிசெய்ய வேண்டும். டான்டீயின் தோட்டப் பரப்பும் சுருங்கிவருகிறது. யானை நடமாட்டத்தால் பாடியை விட்டு இரவில் வெளியே வருவதே ஆபத்தான பகுதிகள் பல. விடிய விடிய ஆடுவது எளிதல்ல. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். இந்த நெருக்கடியில் கூத்து குறுகத்தான் செய்யும். ஏழு இரவு மூன்றாகும், மூன்று ஒன்றாகும். கலைவிழா மேடையில் இருபது நிமிடம் கொடுத்தால் என்ன மிஞ்சும் என்று ஊகிப்பது கடினமல்ல: ரதி மதன் ஆட்டம் மிஞ்சும், ஒளி விளக்கில் சிவன் கண் திறப்பது மிஞ்சும், கொஞ்சம் ஒப்பாரி மிஞ்சும். பாட்டும் பேச்சுமாக நீளும் தர்க்கம்தான் முதலில் கத்திரிக்கோலுக்கு இலக்காகும். பார்வைக்கு அதில் ஒன்றுமில்லை, இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேடைக்காகச் சுருக்குகிறவர்கள் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். ஆட்டத்தைக் குறைக்கலாம், தக்கன் யாகத்தை ஒரு பாட்டில் சொல்லிவிடலாம், நெருப்பைக்கூட ஒரு துணியால் காட்டிவிடலாம். ரதியும் மன்மதனும் வாசலில் நின்று வாதாடும் அந்த நேரத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது போய்விட்டால் மேடையில் எரிவது திருக்குறுக்கைக் காமன்தான். மலையேறி வந்தவர்களின் மன்மதன் இல்லை.